குமரேசனின் பெட்டி ஓடுகிறது

ஐப்பசி 4, செவ்வாய்

நேற்று தீபாவளி. மருமகள் சுகந்தி எனக்கு வேட்டியும் இந்த நோட்டும் ஒரு பேனாவும் வாங்கித் தந்தாள். வேட்டியை மடித்தபடியே வைத்துவிட்டு நோட்டைத்தான் முதலில் பிரித்தேன். தாளை மோந்துகூடப் பார்த்தேன்.

என் பெயர் சென்னியப்பன். இதை நானே எழுதினேன். புள்ளி வைக்கும்போது பேனா அழுந்திவிட்டது. பின்பக்கமும் தெரிகிறது. பரவாயில்லை, இரண்டு பக்கமும் என் பெயர்தான்.

உக்கடத்தில் பார்சல் ஆபீஸில் மூட்டை தூக்கியவன் நான். மூட்டை மேல் எழுதியிருக்கும் விலாசத்தை ஒரு நாளும் படித்ததில்லை. ஈரோட்டுக்குச் சிவப்புக் கோடு, சேலத்துக்கு நீலப் புள்ளி. கோட்டைப் பார்த்து லாரியில் ஏற்றுவோம். கோடும் இல்லாமல் விலாசமும் இல்லாமல் வருவதைக் கொட்டகையின் பின்மூலையில் போட்டுவிடுவோம். ஆள் தேடி வந்தால் கொடுப்போம்.

இப்போது கார்ப்பரேஷன் பள்ளியில் சாயங்கால வகுப்புக்குப் போகிறேன். ஜெஸிந்தா டீச்சர், "தினமும் நாலு வரி எழுதுங்கய்யா, இல்லாட்டி கை மறந்துரும்" என்றார். நாலு வரிக்கு மேலேயே ஆகிவிட்டது!

வீட்டில் நானும் சுகந்தியும்தான். மகன் குமரேசன் ஜெர்மனியில் இருக்கிறான். மூன்று மாதத்தில் வருகிறேன் என்று போனான். அவன் இல்லாமல் இது இரண்டாவது தீபாவளி. அங்கே வேலை அதிகம்.

ஐப்பசி 5, புதன்

நேற்று எழுதாமல் விட்டது ஒன்று. குமரேசன் அறையில் பலகை மேல் அவனுடைய கம்ப்யூட்டர் பெட்டி இருக்கிறது. ஊருக்குப் போகும் அன்று, "இதை மட்டும் நிறுத்திராதீங்கப்பா, நான் வந்து பார்த்துக்கறேன்" என்றான். அதனால் தினமும் குளித்ததும் முதல் வேலை, அதைத் துடைத்துப் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது. கரண்ட் போய் வந்தால் வட்டப் பொத்தானை அமுக்கி எழுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமை சந்தனப் பொட்டு வைப்பேன்.

உள்ளே காற்றாடி சுற்றும் சத்தம் கேட்கும். ஆள் தூங்குகிற மாதிரி இருக்கும்.

ஐப்பசி 6, வியாழன்

மழை. பால் பாக்கெட்டில் "கொதிக்க வைத்துப் பயன்படுத்தவும்" என்று இருந்தது. உரக்கப் படித்தேன். இத்தனை வருஷம் யாரும் சொல்லாமலே கொதிக்க வைத்திருக்கிறோம்.

சுகந்தியிடம் அவள் வேலை என்னவென்று கேட்டேன். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் செய்கிறாள்.

"பேக்கேஜ் செய்யறதுங்க மாமா."

"நம்ம பார்சல் ஆபீஸ் மாதிரியா அம்மிணி?"

"கிட்டத்தட்ட அதேதானுங்க."

அவள் சொன்னதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். ஒரு புரோகிராமை யாரோ எழுத்தாக எழுதிவிடுகிறார்கள். அதைக் கம்பைலர் என்று ஒன்று ஓடக்கூடியதாக ஆக்குகிறது. புரோகிராம் எல்லாவற்றையும் தானே செய்யாது. சில வேலைகளுக்கு லைப்ரரி என்று ஏற்கனவே செய்து வைத்தவற்றைக் கூப்பிட்டுக்கொள்ளும். அந்த லைப்ரரி எந்த இடத்தில் இருக்கிறது என்று கம்பைலருக்கு இவள் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு சின்னக் கோடு போட்டு, பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்து, அப்புறம் இடத்தின் பெயர்.

"இதுக்கு ஃப்ளாகுன்னு பேருங்க. இந்த எழுத்து போட்டா, இங்க போய்த் தேடுன்னு அர்த்தம்."

அந்த எழுத்து, காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிற ஆள் மாதிரி இருந்தது. எல் என்று பெயராம். நான் கற்ற முதல் ஆங்கில எழுத்து.

"அப்ப இது எங்க சிவப்புக் கோடுதான்!" என்றேன்.

சுகந்தி சிரித்துவிட்டாள். சிரித்து ரொம்ப நாள் ஆயிற்று என்பது அவள் சிரித்தபோதுதான் தெரிந்தது.

ஐப்பசி 7, வெள்ளி

பெட்டிக்குச் சந்தனம் வைத்தேன்.

சுகந்தி சாப்பிடவில்லை. ஆடி மாதத்தில்தான் இந்த வேலையில் சேர்ந்தாள். நூலகங்களில் புத்தகம் படிக்க வைக்கிற கம்ப்யூட்டர்களுக்கு, தமிழ் எழுத்துகளைச் சரியாகக் காட்டும் ஒரு புரோகிராமை இவள் கட்டி அனுப்ப வேண்டும். ஐப்பசி 28க்குள் அது அங்கே ஓடினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் இல்லை.

"இங்க ஓடுதுங்க மாமா. அங்க சர்வருக்கு அனுப்புனா மக்கர் பண்ணுது. அது காலி மெஷினுங்க. நான் கட்டி அனுப்பறதத் தவிர வேற ஒண்ணும் அதுல இருக்காது. என்னமோ ஒண்ணு விட்டுப்போகுது, என்னன்னுதான் தெரியல."

"வேலை இல்லாட்டி என்ன கண்ணு பண்ணுவே?"

"தாராபுரத்துக்கு அம்மா வீட்டுக்குத்தான் போகணும்."

என்னைப் பற்றி அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஐப்பசி 9, ஞாயிறு

குமரேசன் போனில் முகம் காட்டிப் பேசினான். கன்னம் சதை போட்டிருக்கிறது. நோட்டைக் காட்டினேன். "சூப்பருங்கப்பா" என்றான். எழுத்தைப் பார்க்கவில்லை, பின்னால் யாரையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"பொட்டி ஓடுதுங்களாப்பா?"

"ஓடுது சாமி. எப்ப வரே?"

"பார்க்கலாங்கப்பா. அப்பறம், அவளுக்கு அந்த வேலை நிக்கலைன்னா அந்த வீட்டைக் காலி பண்ணிரலாம். உங்களுக்கு வெள்ளலூர் பக்கம் ஒரு இல்லம் விசாரிச்சு வெச்சிருக்கேன். உங்க வயசு ஆளுங்க நிறைய இருக்காங்க. தோட்டமெல்லாம் இருக்குது."

அப்போது ஒரு பெண்ணின் கை அவன் பக்கத்தில் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டுப் போனது. விரலில் சிவப்புச் சாயம். வீட்டுக்காரம்மாவாக இருக்கும். அந்த ஊரில் குடிவைப்பவர்கள் தேநீரும் போட்டுத் தருவார்கள் போலிருக்கிறது. நல்ல மனிதர்கள்.

சுகந்தியிடம் போனைக் கொடுக்கவா என்று கேட்டேன். அவசரமாக வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டான்.

ஐப்பசி 10, திங்கள்

இல்லத்தைப் பற்றி நான் சரி என்றேனா, வேண்டாம் என்றேனா? நினைவில்லை. ஏதோ தலையை ஆட்டினேன்.

ஐப்பசி 13, வியாழன்

இன்று நான் உத்தியோகம் பார்த்தேன். புரோகிராம் எழுத்தைச் சரியாகக் காட்டுகிறதா என்று படித்துச் சொல்ல வேண்டும். சுகந்தி நாற்காலியை இழுத்துப் போட்டாள். திரையில் பெரிய எழுத்தில் இருந்தது: கொய்யா, வெள்ளரி, மொச்சை, சோளம், தேங்காய், பொரி.

"என்ன அம்மிணி, உழவர் சந்தைக்குப் போகச் சொல்றியா?"

"கொம்பு இருக்கற எழுத்தா வேணுங்க மாமா. கொம்புதான் அங்கங்க போய் உக்காந்துக்கும்."

எல்லாக் கொம்பும் அதனதன் இடத்தில் இருந்தது. ஒன்றையும் விடாமல் படித்தேன். அவள் மெதுவாகக் கை தட்டினாள். பிறகு அதைக் கட்டி அனுப்பினாள்.

சாயங்காலம் திரும்பி வந்துவிட்டது. அங்கே ஓடவில்லை. பார்சல் திரும்பி வந்தால் எங்கள் மேஸ்திரி கத்துவார். இவளுடைய மேலதிகாரி கத்துவதில்லை, போனில் ரொம்ப மரியாதையாக இங்கிலீஷில் பேசுகிறார். பேசி முடித்ததும் சுகந்தி முகம் கழுவப் போனாள். தண்ணீர் விழும் சத்தம் நெடுநேரம் கேட்டது.

ஐப்பசி 14, வெள்ளி

சந்தனம் வைத்தேன். கூடத்தில் கல்யாணப் போட்டோ இருந்த இடத்தில் காலண்டர் தொங்குகிறது. எப்போது மாற்றினாளோ! காலண்டர் இருப்பதும் வசதிதான். தேதி பார்த்து எழுத முடிகிறது.

ஐப்பசி 18, செவ்வாய்

இன்று பெரிய நாள். பேங்கில் போய்க் கையெழுத்துப் போட்டேன். கவுண்டரில் இருந்த பையன் பழக்கத்தில் மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினான். நான் அதை அவன் பக்கமே திரும்பத் தள்ளிவிட்டுப் பேனா கேட்டேன்.

"கட்டத்தைத் தாண்டிருச்சுங்க ஐயா" என்றான்.

"பேரு பெருசுங்க, என்ன பண்றது?" என்றேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அந்தக் காகிதத்தை விட்டு வரவே மனமில்லை.

மழையில் நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். சுகந்தியிடம் சொல்ல ஓடினால், அவள் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். திரையில் இருந்ததை என்னால் படிக்க முடியவில்லை. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், நடுவில் புள்ளியால் போட்ட வட்டங்கள். ஒரு கையெழுத்துக்கே எல்லாம் தீர்ந்துபோய்விட்டதா? படித்ததெல்லாம் மறந்துவிட்டதா? பால் பாக்கெட்டை ஓடிப் போய் எடுத்துப் பார்த்தேன். கொதிக்க வைத்துப் பயன்படுத்தவும். போன உயிர் வந்தது.

"மாமா, நீங்க நல்லாத்தான் படிக்கறீங்க. இதுதான் கெட்டுருச்சு. காலைல வரைக்கும் இங்க ஓடிட்டு இருந்தது, இப்ப இங்கயே ஓடல."

பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"நீங்க இல்லாதப்ப கரண்ட் போயிட்டு வந்துச்சு. அவரு பொட்டி இப்ப ஓடுதுங்களா?"

நான் இப்போதுதான் வந்தேன், இன்னும் எழுப்பவில்லை என்றேன்.

சுகந்தி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

ஐப்பசி 19, புதன்

கல்யாணமான புதிதில் சுகந்தியின் கம்ப்யூட்டரைக் குமரேசன்தான் அமைத்துக் கொடுத்தானாம். அப்போது, லைப்ரரி வேண்டுமென்றால் என் பெட்டியில் தேடு என்று ஒரு ஃப்ளாக் எழுதி வைத்திருக்கிறான். அவள் அதை மறந்தே போய்விட்டாள். பெட்டி ஓடும்போது, அதில் இருப்பதெல்லாம் வயர் வழியாக இவள் கம்ப்யூட்டருக்கும் தெரியும். எழுத்தைச் சரியாக அடுக்குகிற லைப்ரரி அதில்தான் இருக்கிறது, அதுவும் அவன் தன் கையால் திருத்தியது. அந்தத் திருத்தம் வெளியே எங்கேயும் கிடையாது. அதனால் இந்த வீட்டில் ஓடுகிறது, வேறு எங்கேயும் ஓடவில்லை.

"நீங்க தினமும் போட்டு வெச்சீங்க, எனக்கு இங்க எல்லாம் சரியா இருக்குதுன்னே தோணிட்டு இருந்துச்சு" என்றாள். என் மேல் கோபமில்லை, சொன்னாள், அவ்வளவுதான்.

"என் மகன் கெட்டிக்காரன்" என்றேன்.

"கெட்டிக்காரருதானுங்க."

அந்த ஃப்ளாகை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் மறுபடி கட்டப் போகிறாளாம். அதுவரை பெட்டியை நிறுத்தியே வைக்கச் சொன்னாள். "அது ஓடுச்சுன்னா எனக்கு எது நெஜம்னே தெரியாதுங்க மாமா." நிறுத்தினேன். காற்றாடி மெல்ல மெல்ல நின்றது.

ஐப்பசி 21, வெள்ளி

சந்தனம் வைத்தேன். விளக்கு எரியாத பெட்டிக்கு வைக்க என்னவோ போல் இருந்தது.

ஐப்பசி 23, ஞாயிறு

குமரேசன் பேசினான். இன்று முகம் காட்டவில்லை, குரல் மட்டும்தான்.

"பொட்டி ஓடுதுங்களாப்பா?"

"ஓடுது சாமி."

"நிறுத்திராதீங்க."

சுகந்தி கடைக்குப் போயிருந்தாள். பெட்டியைத் துடைத்தேன். துடைக்கும்போது கை எங்கேயாவது பட்டிருக்கும். பச்சை விளக்கு எரிகிறது. தூசி விழாமல் இருக்க மேலே என் துண்டைப் போட்டு மூடினேன். வெயிலே இல்லாததால் அறை இருட்டாக இருக்கிறது, கதவைச் சாத்திவிட்டேன்.

ஐப்பசி 24, திங்கள்

ஓடிவிட்டது! கொய்யா முதல் பொரி வரை எல்லாம் சரியாக இருக்கிறது. சுகந்தி என்னைப் படிக்கச் சொல்லி, தானும் கூடவே படித்தாள். சேமியா பாயசம் வைத்தாள். கட்டி அனுப்பிவிட்டாள்.

"இந்தத் தடவை நிச்சயம்ங்க மாமா. பொட்டி நின்னு போயும் ஓடுதுன்னா அப்பறம் என்ன?"

பாயசம் எனக்கு இறங்கவில்லை. இனிப்பு அதிகம் என்றேன்.

ஐப்பசி 25, செவ்வாய்

திரும்பி வந்துவிட்டது.

மேலதிகாரி இன்றும் மரியாதையாகத்தான் பேசினார். வெள்ளிக்கிழமை கடைசி என்பது மட்டும் எனக்குப் புரிந்தது, ஃப்ரைடே என்று மூன்று முறை சொன்னார்.

சுகந்தி நேராகக் குமரேசன் அறைக்குப் போனாள். துண்டுக்கு மேலே கையை வைத்தாள்.

"சூடா இருக்குதுங்க மாமா."

நான் வாசற்படியில் நின்றேன். தூசி, கரண்ட், கை பட்டது என்று சொல்ல வாயெடுத்தேன்.

"நாந்தான் போட்டேன் அம்மிணி. அவன் கேட்டான்."

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஃப்ளாகை எடுத்தாலும், புரோகிராமில் முன்பே கட்டி வைத்த இன்னொரு பகுதிக்குள் குமரேசன் பெட்டியின் பாதை பதிந்தே இருந்திருக்கிறது. கட்டும்போது தேடுவது ஒன்று, ஓடும்போது தேடுவது வேறு. பெட்டி நின்றிருந்தால் அது நேற்றே இங்கே தெரிந்திருக்கும். இதையெல்லாம் அவள் தரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். பிறகு அதே குரலில் சொன்னாள்.

"அவரு இனி வரமாட்டாருங்க மாமா. டைவர்ஸுக்கு ஆடிலயே கோர்ட்டுல எழுதிக் குடுத்தாச்சு. அங்க அவருக்கு வேற குடும்பம் ஆயிருச்சு. உங்ககிட்ட அவரே சொல்றேன்னாரு. சொல்லிருப்பாருன்னு நெனச்சேன். தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருக்கீங்கன்னு நெனச்சேன்."

"தெரியும் கண்ணு" என்றேன்.

தெரியாது என்று சொல்லியிருந்தால் அவள் இன்னொரு முறை முழுவதும் சொல்ல வேண்டியிருக்கும்.

ஐப்பசி 26, புதன்

மழை. தக்காளி, கறிவேப்பிலை வாங்க வேண்டும்.

ஐப்பசி 27, வியாழன்

குளித்துவிட்டு அந்த அறைக்குப் போனேன். பெட்டியின் வட்டப் பொத்தானை அமுக்கினேன். காற்றாடி நிற்கும்வரை இருந்தேன். பிறகு கரண்ட் வயரைச் சுவரிலிருந்தும் பெட்டியிலிருந்தும் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டு போய் சுகந்தியின் மேசை மேல் வைத்தேன்.

"இது உங்கிட்டயே இருக்கட்டும். எங்கிட்ட இருந்தா என் கை சும்மா இருக்காது."

அவள் வயரைப் பார்த்தாள். எடுத்து இழுப்பறையில் வைத்தாள். "உக்காருங்க" என்றாள்.

திரையில் வரிசையாக ஆங்கிலம். எனக்கு அதில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிற எழுத்து ஒன்றுதான் தெரியும். அதைத் தேடிக் காட்டினேன். அதன் பக்கத்தில் இருந்த எழுத்துகளின் மேல் அவள் விரல் வைத்தாள்.

"இது உங்க பையன் பேருங்க மாமா. பொட்டிக்குள்ள அவரு இடத்துக்கு அவரு பேருதான்."

என் மகன் பெயர் இங்கிலீஷில் அப்படித்தான் இருக்குமா! முதல் எழுத்து, நிற்கிற ஆள் முன்னால் ஒரு காலையும் ஒரு கையையும் நீட்டுகிற மாதிரி இருந்தது. நாலைந்து தடவை பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது.

"இதத்தான் எடுக்கணுமா?"

"ஆமாங்க. எங்கெங்க இருக்குதோ அங்கெல்லாம்."

"எடு."

ஒவ்வொன்றாக எடுத்தாள். எடுத்ததும் கட்டினாள். ஓடவில்லை. கொம்பெல்லாம் சிதறிப் போய்ப் புள்ளி வட்டங்கள் வந்தன. "இப்பத்தான் உள்ளது தெரியுது" என்று சொல்லி, சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். எல்லோருக்கும் கிடைக்கிற பொது லைப்ரரியை எடுத்துக்கொண்டு, குமரேசன் திருத்திய அந்தப் பகுதியை இவளே புதிதாக எழுத வேண்டும். அதைப் பெட்டிக்குள் தேடிப் பார்த்து எழுதலாமே என்றேன். வேண்டாம் என்றாள்.

மத்தியானம் அடுப்படியில் நின்றுகொண்டு கேட்டேன்.

"அம்மிணி, அவனே இல்லைன்னு ஆயிட்டா நா உனக்கு என்ன முறை? எனக்கு இந்த வீட்ல என்ன இருக்குது?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கறிவேப்பிலை வாங்கிட்டு வந்தீங்களா மாமா?"

"மறந்துட்டேன்."

"நேத்தும் மறந்துட்டீங்க. மழை விட்டிருக்குது, போய் வாங்கிட்டு வாங்க."

போய் வாங்கி வந்தேன். கடையில் "இன்று ரொக்கம் நாளை கடன்" என்ற பலகையைப் படித்துச் சிரிப்பு வந்தது. எத்தனை வருஷமாக அந்தக் கடைக்குப் போகிறேன்! கடைக்காரர், "என்னங்க பெரியவரே, இன்னைக்குத்தான் படிச்சீங்களா?" என்றார். ஆமாம் என்றேன்.

ஐப்பசி 28, வெள்ளி

சந்தனம் அரைக்கவில்லை.

காலையில் சுகந்தி என்னைப் படிக்கக் கூப்பிட்டாள். கொய்யா சரி. வெள்ளரி சரி. மொச்சையில் கொம்பு பின்னால் நின்றது. சொன்னேன். திருத்தினாள். மொச்சை சரியானதும் சோளம் கெட்டது. அதையும் சொன்னேன். "நீங்க என் மேலதிகாரிய விட மோசம்" என்றாள். இப்படியே போனது. மத்தியானம் எல்லாம் நேரானதும் கட்டி அனுப்பினாள்.

பதிலுக்குக் காத்திருந்தோம். நான் துவைத்த துணியை மடித்தேன். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தேன். இன்று திரும்பி வந்தால் அவளுக்குத் தாராபுரம், எனக்குத் தோட்டமெல்லாம் இருக்கிற இடம். அந்தத் தோட்டத்தில் எழுதி வைத்திருக்கிற பலகைகளையாவது படிக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் பதில் வந்தது. அங்கே, இவள் அனுப்பியதைத் தவிர ஒன்றுமே இல்லாத அந்தக் காலி மெஷினில், ஓடிவிட்டது. அங்கிருந்து திரையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். கொய்யா, வெள்ளரி, மொச்சை, சோளம், தேங்காய், பொரி. படித்தேன். மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

சுகந்தி துள்ளவில்லை. மேசை மேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, அப்படியே தலையைத் தூக்காமல், "இந்த வீட்டையே வெச்சுக்கலாம்ங்க மாமா" என்றாள்.

ஐப்பசி 30, ஞாயிறு

குமரேசன் கூப்பிட்டான்.

"பொட்டி ஓடுதுங்களாப்பா?"

"இல்ல சாமி. நிறுத்திட்டேன்."

"ஏனுங்கப்பா?"

"சுகந்திக்கு வேலை நிரந்தரம் ஆயிருச்சு. நா இங்கயே இருந்துக்கறேன். தோட்டம் வேண்டாம்."

"அவ சொன்னாளா?"

"அவ ஒண்ணும் சொல்லல. நீயாவது சொல்லியிருக்கலாம்."

அவன் அழுகிற மாதிரி இருந்தது. சின்னதில் விழுந்துவிட்டு வந்தால், அடி எங்கே என்று காட்டாமல் இப்படித்தான் மூக்கை உறிஞ்சுவான். நல்லா இரு சாமி என்று சொல்லி வைத்தேன். எனக்கு வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. எழுத்துக் கற்றவனுக்கு வார்த்தையும் வந்துவிடும் என்று நினைத்திருந்தேன்.

கார்த்திகை 1, திங்கள்

சுகந்தி அந்த அறையைத் தன் வேலைக்கு எடுத்துக்கொள்ளப் போகிறாள். பெட்டியை என்ன செய்வது என்று கேட்டேன். "அவரு பொருளுங்க, அவருக்கே அனுப்பிரலாம்" என்றாள்.

கட்டுவது என் வேலை. பெட்டியைப் பழைய போர்வையில் சுற்றி, அதன் மேல் சாக்குப் போட்டுத் தைத்து, கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துப் பார்சல் ஆபீஸ் முடிச்சுப் போட்டேன். கை ஒன்றையும் மறக்கவில்லை. மேலே ஒட்ட வெள்ளைத் தாள், தடித்த பேனா. என் வாழ்நாளில் மூட்டைக்கு நான் எழுதப் போகும் முதல் விலாசம். மூச்சைப் பிடித்துக்கொண்டு பெரிதாக எழுதினேன்: செ. குமரேசன். இரண்டு கொம்பு இருக்கிற பெயர். ஒரு எழுத்துகூடச் சாயவில்லை.

"விலாசம் சொல்லு அம்மிணி. இங்கிலீஷா இருந்தா ஒவ்வொரு எழுத்தா காட்டு, பார்த்து வரைஞ்சிர்றேன்."

சுகந்தி கதவோரம் நின்றாள்.

"அவரு வீடு மாத்திட்டாருங்க மாமா. புது விலாசம் எங்கிட்ட இல்லைங்க."

"எங்கிட்டயும் இல்ல."

"கேட்டு வாங்கறீங்களா?"

மை காய்ந்துவிடும் என்று பேனாவுக்கு மூடியை மாட்டினேன். பிறகு நானும் அவளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பரண் மேல் ஏற்றினோம். பின்மூலைக்குத் தள்ளினேன். கனமான பெட்டிதான். "பார்த்துங்க மாமா, இடுப்பு" என்றாள்.

கார்த்திகை 2, செவ்வாய்

குளித்துவிட்டுத் துடைக்கிற துணியோடு அந்த அறைக்குப் போய்விட்டேன். பலகை காலியாக இருந்தது. பெட்டி இருந்த அளவுக்கு மட்டும் மரம் நிறம் மாறாமல் இருக்கிறது. போனதற்கு அதைத் துடைத்துவிட்டு வந்தேன்.